கட்டிக்கொடுத்த சோறும் கட்டிக்கொடுத்த பெண்ணும்

தமிழில் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு கட்டுகிறோம் என்று யோசித்துப் பார்த்தால் தலை சுற்றும். காலையில் வேட்டியோ புடவையோ கட்டுகிறோம், மதியத்துக்குச் சோறு கட்டுகிறோம், பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ், பேங்குக்கு வட்டி, கரண்ட் பில் என்று மாதம் பூராவும் எதையாவது கட்டிக்கொண்டே இருக்கிறோம், மாட்டைக் கட்டுகிறோம், பூக் கட்டுகிறோம், ஊரில் நாலு பேரைப் பற்றிக் கதை கட்டுகிறோம், ஆயுசுக்கும் கடன் வாங்கி ஒரு வீடு கட்டுகிறோம். நடுவில் அதே சொல்லை வைத்தே ஒரு ஆளையும் கட்டிக்கொள்கிறோம்.

திருமணம் என்பது பத்திரிகையில் அச்சடிக்கிற சொல். கல்யாணம் ஊருக்குச் சொல்கிற சொல். வீட்டுக்குள்ளே, அதுவும் கோபத்திலோ கவலையிலோ வாய் திறக்கும்போது வருவது கட்டுதான். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு ஆட்டுக்கல்லைக் கட்டியிருக்கலாம்" என்று சண்டையில் சொல்வார்களே தவிர, "உன்னைத் திருமணம் செய்துகொண்டதற்கு" என்று ஆரம்பித்து யாராலும் ஒழுங்காகச் சண்டை போட முடியாது.

இந்தக் கட்டு தனியாக நின்றால் பாதிச் சேதிதான் சொல்லும். மீதியை அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைவினை சொல்லும். "அவன் கட்டினான்" என்றால் தாலி என்று நாமே நிரப்பிக்கொள்கிறோம். "அவள் கட்டினாள்" என்று சொல்லிப் பாருங்கள், என்ன கட்டினாள், வீடா, சீட்டா என்று கேட்கத் தோன்றும். பெண்ணுக்குத் தனிக் கட்டு கிடையாது. ஆனால் "கட்டிக்கிட்டா" என்று ஒரு 'கொள்'ளைச் சேர்த்துவிட்டால் விஷயம் மாறிவிடுகிறது. "கட்டினா அவனைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தைக்கால்ல நின்னா" என்னும்போது அவளுக்கு ஒரு பிடிவாதமும் முதுகெலும்பும் வந்துவிடுகின்றன. கட்டிக்கொள் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற வினை, அந்த மட்டும் நம் பேச்சுத்தமிழ் நியாயமாகவே இருக்கிறது. குழந்தை அம்மாவைக் கட்டிக்கொள்வதும், ஊரிலிருந்து வந்த சிநேகிதனை பஸ் ஸ்டாண்டில் கட்டிக்கொள்வதும் இதே வினைதான் என்பது கூடுதல் சந்தோஷம்.

கட்டிக்கொடு என்றால் அப்பா அம்மா வந்துவிடுகிறார்கள். பெண்ணைத்தான் கட்டிக்கொடுப்பார்கள். மகனைக் கட்டிக்கொடுத்தோம் என்று சொல்லும் வீட்டை நான் பார்த்ததில்லை, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவனைக் கேலி பண்ணும்போதுகூட "அவனைக் கட்டிக்கொடுத்துட்டாங்க" என்று தலைகீழாக்கித்தான் சிரிப்பார்கள், அதாவது அந்த வினையே பெண்ணாக இருக்கிறது. கட்டிவை என்றால் இன்னும் ஒருபடி மேலே. அங்கே அதிகாரம் இருக்கிறது. பெற்றவர்கள் கட்டிவைக்கலாம், ஊர்ப் பஞ்சாயத்து கட்டிவைக்கலாம், ஓடிப்போன ஜோடியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக் கட்டிவைக்கலாம். திருடனை மரத்தில் கட்டிவைப்பதும் இதே சொல்தான், இரண்டுக்கும் நடுவே வேற்றுமை உருபு மட்டுமே மாறுகிறது. இல்-ஐக் கழற்றிவிட்டுக் கு-வைப் போட்டால், "மரத்தில் கட்டிவைத்தார்கள்" என்பது "மாமன் மகனுக்குக் கட்டிவைத்தார்கள்" ஆகிவிடும்.

பழமொழி ஒன்று உண்டு, கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று. வாழையிலையில் மடித்துக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும், அப்புறம் அவனவன் கையால் பொங்கித் தின்ன வேண்டியதுதான் என்பது அதன் அர்த்தம். சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் சோற்றுக்குப் பக்கத்தில் பெண்ணும் வந்து உட்கார்ந்துகொள்வாள். சோற்றைக் கட்டிக்கொடுத்தார்கள், பெண்ணையும் கட்டிக்கொடுத்தார்கள், சொல்லையும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். "போற இடத்துல பொறுத்துப் போ" என்று. ஊசிப்போன சோற்றைத் தூக்கிப் போடலாம், அந்தச் சொல்லை எத்தனை பெண்கள் எத்தனை வருஷம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்கள்.

பெண்ணுக்கென்றே தனியாக ஒரு வினை இருக்கிறது: வாழ்க்கைப்படுதல், பேச்சில் வாக்கப்படுறது. "நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷமாச்சு." ஒருவனுக்கு வாக்கப்படலாம், ஒரு குடும்பத்துக்கு வாக்கப்படலாம், ஊருக்கே வாக்கப்படலாம். ஆண் எதற்கும் வாக்கப்படுவதில்லை. துன்பப்படு, கஷ்டப்படு, அடிபடு, அகப்படு என்று வந்து விழுகிறதை வாங்கிக்கொள்ளும் வினைகளில் இருக்கிற அதே படு இது. பேய்க்கு வாக்கப்பட்டால் முருங்கைமரம் ஏறத்தான் வேண்டும் என்பதில் மரம் புளியமரமா முருங்கைமரமா என்பது ஊருக்கு ஊர் மாறும், ஏறுகிறவள் பெண் என்பது எந்த ஊரிலும் மாறாது.

பையன்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறோம், கால்கட்டு. "ஊரைச் சுத்திக்கிட்டு இருக்கான், ஒரு கால்கட்டைப் போட்டா சரியாப் போயிடும்." மேயப் போகும் மாடு வரப்புத் தாண்டாமல் இருக்க முன்னங்காலில் போடுவது கால்கட்டு. இந்த வாக்கியத்தில் மாடு பையன் என்பது புரிகிறது. வரப் போகிறவள் யார் என்று பார்த்தால், கயிறு. அவளைப் பற்றி வேறு ஒரு தகவலும் அந்த வாக்கியத்தில் இல்லை. திருந்தாத பையனுக்குப் பெண் கட்டிவைத்துத் திருத்தும் வைத்தியம் நம் ஊரில் எத்தனை காலமாக ஓடுகிறதோ, பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று அதையும் கேலி செய்து பழமொழி ஆக்கிவிட்டார்கள்.

நாகர்கோவில் பக்கம் போனால் கட்டு கெட்டு ஆகிவிடும். என் அம்மா வழிச் சொந்தமெல்லாம் அங்கேதான். "பொண்ணு கெட்டியாச்சா மக்கா?" என்றுதான் அங்கே விசாரிப்பார்கள். தாலி கெட்டு, வீடு கெட்டு, முண்டு கெட்டு, எல்லாம் கெட்டு. மலையாளத்திலும் இதே உச்சரிப்புதான், கட்டியவன் கெட்டியோன், கட்டியவள் கெட்டியோள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கெடு என்ற வினைக்கும் இறந்தகாலம் கெட்டுதான். ஆகவே அங்கே கெட்டினான் என்றால் கல்யாணம், கெட்டான் என்றால் நாசம், நடுவில் ஒரே ஒரு 'இன்'தான் தடுப்புச்சுவர். "கெட்டினான், கெட்டான்" என்று இரண்டே சொல்லில் ஒருத்தன் வாழ்க்கை வரலாற்றை முடித்துவிட்டு வெற்றிலை போடப் போகும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள்.

தெலுங்கில் புருஷனைக் கட்டுகுன்னவாடு என்பார்கள், நம் கட்டிக்கொண்டவன் அப்படியே. கன்னடத்திலும் கட்டிக்கொண்டவள் என்றால் பெண்டாட்டிதான், பேச்சில் கட்கொண்டவளு என்று சுருங்கும். கட்டு மட்டுமில்லை, பின்னால் வரும் அந்தக் 'கொள்'ளையும் சேர்த்தே இவ்வளவு பேர் வைத்திருக்கிறோம்.

சரி, கட்டுகிற அந்த நிமிஷத்துக்கு வருவோம். மேடையில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒருவர் கட்டுகிற கட்டே இல்லை. ஐயர் தேங்காயோடு தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். யாரோ விரலை உயர்த்தி ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துகிறார்கள், தும்மலும் அழுகையும் அபசகுனமாகக் காதில் விழாமல் இருக்க அத்தனை சத்தம் என்பார்கள். மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றை மாலைக்கும் ஜடைக்கும் அடியில் நுழைக்க முடியாமல் திணறுகிறான், பெண்ணின் பின்கழுத்தில் வியர்வை, பூ நார் வேறு கயிற்றோடு சிக்கிக்கொள்கிறது, போட்டோக்காரர் "சார், கொஞ்சம் நிமிருங்க" என்கிறார். முதல் முடிச்சை அவன் எப்படியோ போட்டுவிடுகிறான். பின்னால் விளக்கோடு நிற்கும் அவன் அக்காவோ தங்கையோ, அதாவது நாத்தனார், இரண்டு கையையும் உள்ளே விட்டு மற்ற இரண்டு முடிச்சையும் இறுக்கிவிடுகிறாள். பல வீடுகளில் இதுதான் முறை. மூன்றில் இரண்டு முடிச்சு நாத்தனார் போட்டது, இலக்கணப்படி எழுவாய் மட்டும் மாப்பிள்ளை. பிற்பாடு நாத்தனாரோடு வரும் உரசலுக்கெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் ஒரு தெளிவு கிடைக்கும்.

ஆனால் பழைய தமிழில் கல்யாணத்துக்கு இந்தக் கட்டு இல்லை. இதுதான் எனக்கு இந்தச் சொல்லில் ரொம்பப் பிடித்த விஷயம்.

அகநானூற்றில் 86, 136 என்று இரண்டு பாட்டுகளில் கல்யாணத்தை நேரில் பார்த்த மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். 86இல் உளுந்து சேர்த்துப் பொங்கிய சோறு மலையாகக் குவிந்திருக்கிறது, பந்தலில் புது மணல் பரப்பியிருக்கிறது, விளக்கு ஏற்றி மாலை தொங்கவிட்டிருக்கிறார்கள், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடிப் பெண்ணை நீராட்டுகிறார்கள், ஈரக் கூந்தலில் பூவும் நெல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 136இல் விருந்துக்கு நெய் வழியும் வெண்சோறும் இறைச்சியும் வைத்து உபசரிக்கிறார்கள், கல்யாணத்தில் பிரியாணி போடலாமா என்று இன்றைக்குச் சண்டை போடுகிறவர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். அங்கே வெள்ளை நூல் ஒன்று வருகிறது, வாகை இலையும் அறுகம்புல் முகையும் சேர்த்து. சூட்டினார்கள் என்று இருக்கிறதே ஒழிய அவன் கட்டினான் என்று இல்லை. நகையும் துணியும் கூட்டமுமாகப் பெண்ணுக்கு வியர்க்கிறது, அந்த வியர்வையை ஆற்றிவிடுகிறார்கள் என்று ஒரு வரி போகிறபோக்கில் வரும். ஏ.சி. இல்லாத கல்யாண மண்டபம் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான்.

இரண்டு பாட்டிலும் முக்கியமான வினை எது தெரியுமா? கொடுப்பது. ஒன்றில் "தமர் தர" என்று இருக்கிறது, இன்னொன்றில் "தமர் நமக்கு ஈத்த". சொந்தக்காரர்கள் தந்தார்கள், ஈந்தார்கள். தொல்காப்பியம் கற்பியலைத் தொடங்கும்போதே இதைச் சூத்திரமாகப் போட்டுவிடுகிறது, கொடுப்பதற்கு உரியவர்கள் "கொடுப்பக் கொள்வதுவே" கற்பு, அதாவது கல்யாண வாழ்க்கை, என்று. கொடுக்க, கொள்ள. இன்றைக்கும் ஊரில் கொள்வினை கொடுப்பினை, கொண்டான் கொடுத்தான், பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு என்றெல்லாம் சொல்வது அதன் நேர் வாரிசு. அப்புறம் எந்தக் காலத்திலோ தாலி முன்னால் வந்தபோது கட்டும் முன்னால் வந்துவிட்டது. கொடுவும் கொள்ளும் எங்கே போயின? கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. கட்டிக்கொடு, கட்டிக்கொள். இலக்கணக்காரர்கள் இதெல்லாம் வெறும் துணைவினை, புடவை கட்டிக்கொள்ளிலும் இருக்கிற அதே கொள்தான் என்பார்கள். இருக்கட்டும். முதலாளியாக இருந்த இரண்டு வினைகளும் புது முதலாளிக்குக் கைத்தடியாக நிற்கிற மாதிரி எனக்குப் படுகிறது, இப்படிப் பார்ப்பதில் ஒரு குஷி இருக்கிறது.

கட்டு என்ற பொருள் அங்கே முழுக்க இல்லாமலும் இல்லை. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று அதே கற்பியலில் பிரபலமான வரி. காதலித்துவிட்டு உன்னைத் தெரியாது என்று கைவிரிக்கும் பொய் வந்த பிறகு பெரியவர்கள் சடங்கை வகுத்தார்கள் என்பது சாரம். யாத்தனர் என்பதில் இருக்கிற யாத்தல், யாப்பு எல்லாமே கட்டுவதுதான். ஆக முதலில் கட்டப்பட்டது பெண்ணின் கழுத்தில் கயிறு அல்ல, விதிமுறை. பொய் சொன்னதால் கல்யாணச் சடங்கு வந்தது என்று தொல்காப்பியம் சொல்ல, ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று நாம் அதைத் திருப்பிப் போட்டோம். (அது பொய் அல்ல, ஆயிரம் பேரிடம் "போய்ச்" சொல்லி என்று பட்டிமன்றத்தில் திருத்துவார்கள். ஜாதகம் எழுதின கையைப் பார்த்தவர்களுக்குப் பொய்தான் சரியென்று தெரியும்.)

தாலி என்ற சொல்லும் அப்போது வேறு இடத்தில் இருந்தது. புறநானூறு 77இல் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போரில் ஜெயித்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடும்போது "தாலி களைந்தன்றும் இலனே" என்கிறார். இன்னும் தாலியைக் கழற்றவில்லையாம். ராஜா கழுத்தில் தாலியா என்று திடுக்கிட வேண்டாம். அது சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பாகப் போடுகிற தாலி. பாலை விட்டுச் சோற்றுக்கு இன்றுதான் வந்திருக்கிறான், அதற்குள் இத்தனை பெரிய போரா என்று வியக்கிறார். பிள்ளைகளுக்கு ஐம்படைத்தாலி, புலிப்பல் தாலி என்று இருந்தது பிறகு பெண்களின் கழுத்துக்கு மட்டுமானது. ஆண்டாள் தன் கல்யாணக் கனவை வரிசையாகச் சொல்கிற இடத்திலும் கட்டு ஒரு முறை வருகிறது, "காப்புநாண் கட்ட". கட்டுவது கையில் காப்பு, மற்றபடி கையைப் பிடிக்கிறான், தீயை வலம் வருகிறார்கள், அம்மி மிதிக்கிறார்கள். தாலி கட்டினான் என்று ஒரு பாட்டு இல்லை.

இதற்குள் கல்யாணம் என்ற சொல்லை அம்போவென்று விட்டுவிட்டேன். அது வடமொழிச் சொல், அங்கே அதற்கு நன்மை, மங்கலம், அழகு என்று பொருள். பெருமாளுக்குக் கல்யாண குணங்கள் உண்டு என்று வைணவர்கள் சொல்லும்போது, ராகத்துக்குக் கல்யாணி என்று பேர் வைக்கும்போது எல்லாம் அந்தப் பொருள்தான். கல்யாணம் என்றால் கல்யாணம் என்பது தெற்கே நாம் செய்துகொண்டது, நம்மோடு தெலுங்கு, கன்னடம், மலையாளக்காரர்களும். தமிழில் அது நாலடியாரிலேயே வந்துவிட்டது, "பல்லார் அறியப் பறையறைந்து நாள்கேட்டுக் கல்யாணம் செய்து" என்று. மேளம், நாள் பார்த்தல், நாலு பேருக்குச் சொல்லல், எல்லாம் ஒரே அடியில். இந்தியில் கல்யாண் என்றால் இன்றைக்கும் நலன்தான். டெல்லியில் சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தின் இந்திப் பெயரில் பரிவார் கல்யாண் என்று இருக்கிறது. குடும்பக் கல்யாணத்துக்கு ஒரு மந்திரியா என்று தோன்றும். அந்தக் குடும்ப நலத் திட்டத்துக்கு நாம் அந்தக் காலத்தில் வைத்த பேர் குடும்பக் கட்டுப்பாடு. அவர்கள் கல்யாணம் என்றார்கள், நாம் அங்கேயும் கட்டைக் கொண்டுவந்து விட்டோம்.

அன்றாடப் பேச்சுத்தமிழில் கல்யாணத்தின் பழைய மங்கலப் பொருள் ஒரே ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது, அது சாவு வீடு. பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டு நிறைந்த வயதில் ஒருவர் போனால் அது கல்யாணச் சாவு. பறை, வெடி, பூப்பல்லக்கு, இளவட்டங்களின் ஆட்டம், சாராயம். யாரும் அழக் கூடாது என்று பெரிசுகள் அதட்டுவார்கள். அங்கே கட்டுகிறவரும் இல்லை, கட்டிக்கொள்கிறவரும் இல்லை, மங்கலம் மட்டும் இருக்கிறது.

வடசென்னையில் கல்யாணம் கண்ணாலம் ஆகும். "கண்ணாலம் கட்டிக்கினியா?" இதைக் கொச்சை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் தசை சதையானதையும் சிவிறி விசிறியானதையும் இலக்கணப்போலி என்று மரியாதையாகப் படித்தவர்கள்தான். எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவு. லகரமும் ணகரமும் நாற்காலி மாற்றி உட்கார்ந்திருக்கின்றன. கண்ணாலத்தைக் கண் + ஆலம் என்று பிரித்து, கண்ணால் வந்த விஷம் என்று பொருள் சொல்லவும் வசதி இருக்கிறது, ஆலம் என்றால் நஞ்சுதானே.

சங்கத் தமிழில் கல்யாணத்துக்கு வரைவு என்றும் சொல்வார்கள். ஊரறிய இவளுக்கு இவன் என்று வரையறுத்துக்கொள்வது. சீக்கிரம் வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று தோழி தலைவனை நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்று துறைப் பெயரே உண்டு. இப்போது அரசாங்கத் தமிழில் வரைவு என்றால் இன்னும் இறுதியாகாத காகிதம், வரைவு அறிக்கை, வரைவு வாக்காளர் பட்டியல். திருத்தம் இருந்தால் சொல்லலாம், ஆட்சேபணை இருந்தால் மனு கொடுக்கலாம். பழைய தோழி இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவாள். கடிமணம் என்று இன்னொன்று. கடி என்ற சொல்லுக்குக் காப்பு, புதுமை, விரைவு, கூர்மை, சிறப்பு, அச்சம் என்று தொல்காப்பியம் பத்துப் பொருள் அடுக்குகிறது. புதுமை, விரைவு, அச்சம் மூன்றையும் சேர்த்தால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மாப்பிள்ளை இருக்கிற நிலைமை வந்துவிடும்.

மணம் கதை தனி. மணத்தல் என்றால் கூடுதல், அதற்கு எதிர்ச்சொல் தணத்தல், பிரிதல். குறளில் "மணந்தநாள் வீங்கிய தோள்" என்று வரும்போது தாலி கட்டின நாளை நினைக்கக் கூடாது, அவன் பக்கத்தில் இருந்த நாள், அவ்வளவுதான். பிறகு பூ மணமும் கல்யாண மணமும் ஒரே எழுத்தில் இருப்பது அழைப்பிதழ் எழுதுகிறவர்களுக்குக் கொழுத்த வேட்டையாகிவிட்டது. இருமனம் இணையும் திருமணம் என்ற வாசகம் இல்லாத ஃப்ளெக்ஸ் போர்டை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. றன்னகரமா டண்ணகரமா என்று போர்டு அடிப்பவர் பதறாமல் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிட, திருமன வாழ்த்துகள் என்று ஊர் பூராவும் தொங்குகிறது. வாழ்த்து வாழ்த்துதான்.

கட்டுக்கு எதிர்ச்சொல் அவிழ் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கல்யாணத்தில் அப்படி இல்லை. கட்டுக்கு எதிர் அறு. தாலியை அவிழ்ப்பது என்று பேச்சே கிடையாது, அறுப்பதுதான். புருஷனை இழந்தவளை அறுத்தவள் என்று, அவளே ஏதோ செய்துவிட்ட மாதிரி, செய்வினையில் சொல்லும் வாய் நம்முடையது. எங்கள் பெரியம்மா ஒருத்தி அந்தச் சொல்லைக் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து போய்விடுவாள், பந்தியாக இருந்தாலும் சரி. அறுத்துக் கட்டுதல் என்றால் மறுமணம். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ சமூகங்களில் அறுத்துக் கட்டுவது சாதாரண வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் இருந்த சாதியைக் கீழே என்றும் இல்லாததை மேலே என்றும் வரிசைப்படுத்தி, "நாங்க அறுத்துக் கட்டுற சாதி இல்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பதினைந்து வயதில் தாலியறுத்த பெண்ணை மூலையில் உட்கார வைத்ததுதான் அந்தப் பெருமையின் உள்ளடக்கம். இன்றைக்கு ஆபீஸில் ஆம்பிளைகள் சர்வசாதாரணமாக "மேனேஜர் தாலிய அறுக்கிறான்யா" என்று அலுத்துக்கொள்கிறார்கள். இல்லாத தாலியை எங்கிருந்து அறுப்பது? எவ்வளவு பெரிய வேதனை எவ்வளவு சின்ன எரிச்சலுக்கு வந்து நிற்கிறது.

பொட்டுக்கட்டு என்றும் ஒரு கட்டு இருந்தது. பொட்டு என்பது சின்னத் தாலி. சிறுமியைக் கோயிலுக்குக் கட்டிவிடுவது. முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் வந்தது. புருஷன் கடவுள், அவனுக்குச் சாவில்லை, ஆகையால் நித்திய சுமங்கலி என்று ஒரு தர்க்கம் சொன்னார்கள். அறுக்கவே வேண்டாத கட்டு என்று கேட்க அழகாக இருக்கும், அந்தப் பெண்கள் யாருக்கெல்லாம் வாக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. அதற்கு நேர் எதிராகக் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில் திருநங்கைகள் கூத்தாண்டவருக்காக, அதாவது பாரதப் போருக்குப் பலியான அரவானுக்காக, பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். ராத்திரி பூராவும் கும்மியும் ஆட்டமும். விடிந்து அரவான் களப்பலி ஆனதும் வளையலை உடைத்து, தாலியை அறுத்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒப்பாரி. கட்டு, கட்டிக்கொள், அறு, மறுபடி கட்டு, எல்லாம் ஒரு நாளுக்குள்ளே.

தாலியே கட்டாமல் கல்யாணம் பண்ண முடியாதா என்று பெரியார் கேட்டார். சுயமரியாதைத் திருமணங்கள் 1928இலிருந்து நடந்தன. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதை வினைச்சொல் கண்ணோடு படித்தால் சுவாரசியம். இருவருக்கும் புரிகிற மொழியில் உன்னை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லலாம், அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். சொல், மாற்று, போடு, கட்டு. ஏதாவது ஒன்று போதும். கட்டு கடைசியில். பெரியார் வாழ்க்கை ஒப்பந்தம் என்றார், இப்போது இணையேற்பு விழா என்று பத்திரிகை அடிக்கிறார்கள். பேச்சில் ஒன்றும் ஒட்டவில்லை, தாலி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றியும் "அவளத்தான் கட்டியிருக்கான்" என்றுதான் ஊர் சொல்கிறது. நிக்காஹ் முடித்தவரையும் சர்ச்சில் மூன்று ஓலை வாசித்து மோதிரம் மாற்றியவரையும் இதே கேள்விதான் கேட்கிறது, பெண் எங்கே கட்டியிருக்கே?

யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்பார்கள், கலியாணத்தை எழுதினால் அது "எழுத்து". எழுத்து முடிந்துவிட்டது என்றால் பதிவு ஆகிவிட்டது, தாலிக்கொடி பிறகு ஏறும். இங்கே தமிழ்நாட்டிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதமானாலும் எந்தச் சாதியானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டினீர்களா, கட்டிக்கொண்டீர்களா, கட்டிக்கொடுத்தார்களா, வாக்கப்பட்டீர்களா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. முகவரிச் சான்று, வயதுச் சான்று, சாட்சிக் கையெழுத்து, அப்புறம் கட்டணம். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும், நாள் தள்ளினால் கூடச் சேர்த்துக் கட்ட வேண்டும்.